உங்கள் எம்.பி. எப்படி வாக்களித்தார்? கென் கிளார்க்கின் பதிவை வைத்துப் படிக்கப் பழகுவோம்

இங்கே பிரித்தானியாவில், தைப்பொங்கல் விழாவுக்கு எங்கள் பகுதி எம்.பி. வந்திருந்தார். பொன்னாடை போர்த்தினோம். மேடையில் "வணக்கம்" என்று தமிழில் சொன்னார், மண்டபமே கைதட்டியது. அடுத்த வாரம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி சுற்றியது. குடிவரவு பற்றிய ஒரு வாக்கெடுப்பில் அவர் வாக்களிக்கவே இல்லை என்றது அந்தச் செய்தி. "பொன்னாடைக்கு வரத் தெரியும், வாக்குக்கு வரத் தெரியாதா?" என்று ஒருவர் கேட்க, நானும் கோபத்தில் அதை மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன்.

இரவு உட்கார்ந்து பாராளுமன்றத் தளத்தில் அந்த வாக்கெடுப்புப் பட்டியலைத் திறந்தேன். ஆதரவுப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. எதிர்ப்புப் பட்டியலிலும் இல்லை. பக்கத்தின் அடியில், தனியாக, 'டெல்லர்' என்ற தலைப்பின் கீழ் இருந்தது. டெல்லர் என்றால் வாக்குகளை எண்ணுபவர். அன்று அவர் சபையில்தான் இருந்திருக்கிறார், தன் பக்கத்து வாக்குகளை எண்ணும் வேலையில் இருந்திருக்கிறார். மூன்று குழுக்களிலும் திருத்தம் போட்டேன். முதல் செய்தியைப் பார்த்த எல்லோரும் இரண்டாவதையும் பார்த்திருப்பார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அன்றிலிருந்து இதை ஒழுங்காகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தேன். கற்றதைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

பழகுவதற்கு நான் எடுத்துக்கொள்வது கென் கிளார்க் என்பவரை. கன்சர்வேட்டிவ் கட்சிக்காரர். நாட்டிங்ஹாம்ஷயரில் உள்ள ரஷ்கிளிஃப் தொகுதிக்கு 1970 முதல் 2019 வரை 49 வருடம் எம்.பி.யாக இருந்தவர். இப்போது காமன்ஸ் சபையில் (பாராளுமன்றத்தின் கீழ்ச்சபை) இல்லை. அதனால் அவரைப் பற்றிப் படிக்கும்போது நமக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்ற உணர்ச்சி குறுக்கே வராது. கட்சி சொன்னபடி வாக்களித்தது, கட்சியை மீறியது, மற்றவர்களைக் கட்சி வழியில் வாக்களிக்க வைக்கும் வேலை பார்த்தது, கடைசியில் கட்சியின் பாராளுமன்றக் குழுவிலிருந்தே வெளியேற்றப்பட்டது என்று எல்லாம் இந்த ஒரே மனிதரின் பதிவில் இருக்கிறது. பழக இதைவிட நல்ல பதிவு எனக்குத் தெரியவில்லை.

படி 1: ஆளைச் சரியாகப் பிடியுங்கள்

பாராளுமன்றத்தின் தளத்தில் உங்கள் போஸ்ட்கோடைப் போட்டால் எம்.பி. யார் என்று வந்துவிடும். மொத்தம் 650 பேர், உங்களுக்கு ஒருவர். கவுன்சிலர் வேறு, பிரபுக்கள் சபை உறுப்பினர் வேறு. குப்பை அள்ளாததற்கு எம்.பி.யின் வாக்குப் பதிவில் விடை தேடாதீர்கள், அது கவுன்சிலின் வேலை.

அவருடைய பக்கத்தில் எப்போது முதலில் தெரிவானார், எந்தெந்தக் கட்சியில் இருந்தார், என்னென்ன பதவி வகித்தார் என்ற விவரம் இருக்கும். அதை மூடிவிடாதீர்கள். அடுத்த படிக்கு அதுதான் வேண்டும்.

படி 2: வாக்குகளைத் திறக்கும் முன் ஒரு காலக்கோடு வரையுங்கள்

பெரும்பாலானோர் இந்தப் படியைத் தாண்டிவிடுகிறார்கள். நேரே வாக்குப் பட்டியலுக்குப் போய், "பாருங்கள், இதற்கு ஆதரவு, அதற்கு எதிர்ப்பு" என்று எண்ணத் தொடங்கிவிடுகிறார்கள். ஒருவர் அன்று எந்த நாற்காலியில் இருந்தார் என்று தெரியாமல் அவருடைய வாக்கைப் படிக்க முடியாது.

ஒரு தாளில் கிடையாக ஒரு கோடு போடுங்கள். கிளார்க்கின் கோடு இப்படி வரும். 1970 பொதுத்தேர்தலில் சபைக்கு வருகிறார். 1972 முதல் 1974 வரை எட்வர்ட் ஹீத் அரசின் கொறடாக்களில் ஒருவர். 1979-ல் மார்கரெட் தாட்சர் வந்ததும் துணை அமைச்சர். பிறகு படிப்படியாக ஏறி, 1988-ல் சுகாதார அமைச்சர், 1990-ல் கல்வி, 1992-ல் உள்துறை, 1993 முதல் 1997 வரை நிதியமைச்சர். 1997-ல் கட்சி தோற்றபின் தலைவர் பதவிக்குப் போட்டியிட்டார், கிடைக்கவில்லை. 2001-லும் 2005-லும் மறுபடி போட்டியிட்டார், அப்போதும் கிடைக்கவில்லை. இடையில் நீண்ட காலம் பின்வரிசையில், அதாவது பதவி எதுவும் இல்லாத எம்.பி.யாக, இருந்தார். 2010 முதல் 2012 வரை நீதி அமைச்சர், அப்புறம் 2014 வரை துறை இல்லாத அமைச்சர். அதன்பின் 2019 வரை மறுபடி பின்வரிசை.

இப்போது அரசுப் பதவியில் இருந்த காலத்தை மட்டும் ஒரு நிறப் பென்சிலால் தீட்டுங்கள். ஏறத்தாழ 24 வருடம் வரும், அதாவது அவருடைய பாராளுமன்ற வாழ்வில் பாதி. அந்தப் பாதியில் அவர் போட்ட வாக்குகள் அவருடைய மனதைப் பற்றி நமக்கு அதிகம் சொல்லாது. பிரித்தானியாவில் அமைச்சர்கள் கூட்டுப் பொறுப்பு உள்ளவர்கள். அறைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடலாம், சபையில் அரசோடு சேர்ந்து வாக்களிக்க வேண்டும். முடியாது என்றால் பதவி விலக வேண்டும். ராபின் குக் அப்படித்தான் ஈராக் போர் வாக்கெடுப்புக்கு முதல் நாள், 2003 மார்ச் 17 அன்று, டோனி பிளேயர் அமைச்சரவையை விட்டு விலகினார்.

ஆகவே தீட்டாத பகுதியில்தான் முதலில் தேட வேண்டும். பின்வரிசை வருடங்களில்தான் ஒரு எம்.பி. ஓரளவுக்குத் தன் விருப்பப்படி வாக்களிக்கிறார்.

படி 3: வாக்கெடுப்பு எப்படி நடக்கிறது என்று ஒரு முறை பாருங்கள்

யூடியூபில் ஏதாவது ஒரு வாக்கெடுப்பை முழுதாகப் பார்த்துவிடுங்கள். கால் மணி நேரம்தான் ஆகும். அதன்பின் பட்டியலில் உள்ள சொற்கள் எல்லாம் தானாகப் புரியும்.

சபாநாயகர் கேள்வியை வைப்பார். ஒரு பக்கம் "ஐ" என்றும் மறுபக்கம் "நோ" என்றும் கத்துவார்கள். ஒரு பக்கம் கத்தவே இல்லை என்றால் கதை அங்கேயே முடிந்தது. இரு பக்கமும் விடாமல் கத்தினால் "டிவிஷன்" என்று அறிவிப்பார். கட்டிடம் முழுக்க மணி அடிக்கும். எட்டு நிமிடம் கழித்துக் கதவுகள் பூட்டப்படும். உறுப்பினர்கள் எழுந்து நடப்பார்கள். ஆதரிப்பவர்கள் சபாநாயகரின் வலப்பக்கத்து லாபிக்கும், எதிர்ப்பவர்கள் இடப்பக்கத்து லாபிக்கும் போவார்கள். இப்போது தங்கள் அடையாள அட்டையைக் கருவியில் வைத்துப் பதிகிறார்கள். இருந்தாலும் பக்கத்துக்கு இரண்டு டெல்லர்கள் நின்று தலைகளை எண்ணுகிறார்கள். பிறகு நால்வரும் வரிசையாக வந்து சபாநாயகர் முன் நின்று எண்ணிக்கையை வாசிப்பார்கள். டெல்லர்களின் வாக்கு அந்த எண்ணிக்கையில் சேராது. நான் தவறவிட்டது இதைத்தான்.

ஒரு பக்கம் கத்தாவிட்டால் கதை முடிந்தது என்று சொன்னேன் அல்லவா? அதன் விளைவு பெரியது. பெயர் பெயராகப் பதிவு இருப்பது டிவிஷன் நடந்த விஷயங்களுக்கு மட்டும்தான். 2050-க்குள் கார்பன் வெளியேற்றத்தை நிகர சுழியமாக்கும் இலக்கை 2019 ஜூன் 24 அன்று காமன்ஸ் சபை ஏற்றபோது டிவிஷன் நடக்கவே இல்லை. நாட்டின் பொருளாதாரத்தையே புரட்டிப்போடும் முடிவு அது. உங்கள் எம்.பி. அன்று என்ன செய்தார் என்று வாக்குப் பட்டியலில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

படி 4: என்ன கேள்விக்கு வாக்களித்தார் என்று பாருங்கள்

தலைப்பைப் படித்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். வாக்கெடுப்பின் பக்கத்தைத் திறந்தால் பிரேரணையின் முழு வாசகம் இருக்கும், அதைப் படியுங்கள். ஆங்கிலம் கொஞ்சம் பழைய பாணியில் இருக்கும். பொறுமையாக இரண்டு முறை படித்தால் பிடிபடும்.

2003 மார்ச் 18, ஈராக் விவாதம். அன்று இரண்டு முக்கிய வாக்கெடுப்புகள் நடந்தன. முதலில் வந்தது ஒரு திருத்தப் பிரேரணை. போருக்கான நியாயம் இன்னும் நிறுவப்படவில்லை என்பது அதன் சாரம். ஆதரவு 217, எதிர்ப்பு 396, தோற்றது. அடுத்து அரசின் சொந்தப் பிரேரணை. ஆதரவு 412, எதிர்ப்பு 149, வென்றது. கவனியுங்கள். முதல் வாக்கெடுப்பில் "ஐ" சொன்னவர் போரை எதிர்த்தவர். இரண்டாவதில் "ஐ" சொன்னவர் போரை ஆதரித்தவர். ஒரே நாள், ஒரே விவாதம், ஒரே சொல், எதிரெதிரான பொருள்.

அன்று கன்சர்வேட்டிவ் தலைவர் இயன் டங்கன் ஸ்மித் போரை ஆதரித்தார், கட்சியில் மிகப் பெரும்பாலோர் அவர் பின்னால் நின்றார்கள். கிளார்க் போருக்கு எதிராக நின்ற மிகச் சிலரில் ஒருவர். படி 2-ல் வரைந்த கோட்டைப் பாருங்கள். 2003 தீட்டாத பகுதி. அவர் அமைச்சரும் இல்லை, நிழல் அமைச்சரும் இல்லை. அதனால் அந்த வாக்குக்கு எடை உண்டு.

மசோதா என்றால் எந்தக் கட்டம் என்பதையும் பாருங்கள். இரண்டாம் வாசிப்பில் மசோதாவின் அடிப்படை நோக்கத்துக்கு வாக்களிக்கிறார்கள். பிறகு வரி வரியாகத் திருத்தங்கள். கடைசியில் மூன்றாம் வாசிப்பு. இரண்டாம் வாசிப்பில் ஆதரித்துவிட்டு, கேட்ட திருத்தம் கிடைக்காததால் மூன்றாம் வாசிப்பில் எதிர்ப்பவர்கள் உண்டு. அதைப் பல்டி என்று சொல்ல மாட்டேன்.

படி 5: கொறடா உத்தரவு இருந்ததா?

எனக்கு மிகவும் பிடித்த படி இது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டால் மற்ற எதையும் மறந்தாலும் பரவாயில்லை.

ஒவ்வொரு வாரமும் கட்சிக் கொறடாக்கள் தங்கள் எம்.பி.க்களுக்கு ஒரு பட்டியல் அனுப்புவார்கள். என்னென்ன வாக்கெடுப்பு வருகிறது என்று அதில் இருக்கும். ஒன்றின் கீழ் ஒரு கோடு போட்டிருந்தால் வருவது நல்லது. இரண்டு கோடு என்றால் வர வேண்டும். மூன்று கோடு என்றால் கட்டாயம் வந்து, கட்சி சொல்லும் பக்கத்தில் நடக்க வேண்டும். மூன்று கோட்டை மீறினால் பதவி உயர்வு போகலாம், கட்சியின் பாராளுமன்றக் குழுவில் இடமும் போகலாம்.

சில விஷயங்களில் கட்சி உத்தரவே போடாது. அதைச் சுதந்திர வாக்கு என்கிறோம். 2024 நவம்பர் 29 அன்று, மரணம் நெருங்கிய நோயாளிகள் தாமே உயிர்துறக்க உதவுவது பற்றிய மசோதா இரண்டாம் வாசிப்பில் 330-க்கு 275 என்று நிறைவேறியது. 2025 ஜூன் 20 அன்று மூன்றாம் வாசிப்பில் 314-க்கு 291. இரண்டும் சுதந்திர வாக்குகள். உங்கள் எம்.பி.யின் மனதை அறிய வேண்டுமானால் முதலில் இந்த இரண்டு பட்டியலையும் திறந்து பாருங்கள். இதற்கு அமைச்சர்களின் வாக்குகூடச் செல்லும். முதல் பட்டியலில் ஒரு பக்கமும் இரண்டாவதில் மறுபக்கமும் இருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால், இடைப்பட்ட ஏழு மாதத்தில் அவர் எதை யோசித்தார் என்று கேட்பதற்கு உங்களிடம் ஒரு நல்ல கேள்வி இருக்கிறது.

கிளார்க்கிடம் வருவோம். 1971 அக்டோபர் 28. ஐரோப்பியச் சமூகத்தில் (இன்றைய ஐரோப்பிய ஒன்றியத்தின் முன்னோடி) சேருவதா என்று சபை வாக்களித்தது. 356-க்கு 244 என்று ஆம் வென்றது. பிரதமர் ஹீத் தன் கட்சிக்காரர்களுக்குச் சுதந்திர வாக்கு கொடுத்தார். தொழிற்கட்சி எதிர்க்கச் சொல்லி உத்தரவு போட்டது, ஆனாலும் அதன் உறுப்பினர்கள் 69 பேர் அதை மீறி ஆதரித்தார்கள். ஹீத்தின் கட்சியில் 39 பேர் எதிர்த்தார்கள். சபைக்கு வந்து ஒன்றரை வருடம்கூட ஆகாத கிளார்க் ஆதரித்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. அடுத்த வருடம் அவரே கொறடாவாகி, அதே ஐரோப்பியச் சட்டத்துக்கு வாக்குச் சேர்க்கும் பக்கத்தில் நின்றார். அந்தச் சட்டம் 1972 பிப்ரவரி 17 அன்று இரண்டாம் வாசிப்பில் 309-க்கு 301 என்று வெறும் எட்டு வாக்கில் தப்பியது.

இப்போது 45 வருடம் தள்ளி வாருங்கள். 2017 பிப்ரவரி 1. பிரெக்சிட் பற்றிய மக்கள் வாக்கெடுப்பு முடிந்து, ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகும் அறிவிப்பைக் கொடுக்க அரசுக்கு அதிகாரம் தரும் மசோதா இரண்டாம் வாசிப்புக்கு வந்தது. கன்சர்வேட்டிவ் கட்சி ஆதரிக்கச் சொல்லி உத்தரவு போட்டது. தொழிற்கட்சியும் மூன்று கோடு போட்டது, அதன் உறுப்பினர்கள் 47 பேர் மீறினார்கள். 498-க்கு 114 என்று மசோதா நிறைவேறியது. எதிர்ப்புப் பட்டியலில் கன்சர்வேட்டிவ் பெயர் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கென் கிளார்க்.

அந்தப் பட்டியலை முதன்முதலில் திறந்து பார்த்தபோது நான் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். ஐரோப்பாவைப் பற்றி அவர் சொன்னது சரியா தவறா என்பது தனி விவாதம். 1971-ல் உத்தரவு இல்லாமல் போட்ட வாக்கையும் 2017-ல் உத்தரவை மீறிப் போட்ட வாக்கையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே மனிதனுடைய குரலாகக் கேட்கும். வாக்குப் பதிவு படிப்பதில் கிடைக்கும் நிறைவு இதுதான்.

உத்தரவை மீறுவதற்கு விலை உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். 2024 ஜூலை 23 அன்று, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் உதவித்தொகை இல்லை என்ற வரம்பை நீக்கக் கோரும் திருத்தம் 363-க்கு 103 என்று தோற்றது. அதை ஆதரித்த தொழிற்கட்சி எம்.பி.க்கள் ஏழு பேரைக் கட்சி உடனே இடைநீக்கம் செய்தது. எதிர்த்து வாக்களித்தவர்களில் அந்த வரம்பை மனதார விரும்பாதவர்களும் இருந்திருக்கலாம். பட்டியல் அதைச் சொல்லாது.

படி 6: ஒரே நோக்கம், வேறு வாக்கு

ஐரோப்பாவை இவ்வளவு நேசித்தவர் தெரசா மே கொண்டுவந்த பிரெக்சிட் ஒப்பந்தத்தை எதிர்த்திருப்பார் என்றுதானே நினைப்பீர்கள்? நானும் நினைத்தேன். 2019 ஜனவரி 15 பட்டியலைத் திறந்தேன். 202-க்கு 432 என்று அரசு தோற்ற நாள். 230 வாக்கு வித்தியாசத்தில் ஒரு அரசு தோற்றது பெரிய சரித்திரம். கன்சர்வேட்டிவ்கள் 118 பேர் தங்கள் பிரதமரையே எதிர்த்து வாக்களித்தார்கள். கிளார்க் ஆதரவுப் பட்டியலில் இருந்தார். ஒப்பந்தம் மறுபடி வந்தபோதும் ஆதரித்தார்.

தடுமாறாதீர்கள். இங்கே என்ன நடந்தது என்று யோசியுங்கள். 2017-ல் கேள்வி, விலகும் அறிவிப்பைக் கொடுப்பதா என்பது. 2019-ல் கேள்வி, ஒப்பந்தத்தோடு விலகுவதா என்பது. விலகுவது முடிவான பிறகு, ஐரோப்பாவோடு முடிந்தவரை நெருக்கமாக இருக்க வேண்டும் என்பதே அவர் நிலை. அதற்கு இன்னொரு ஆதாரமும் பதிவில் உண்டு. அதே வருடம் ஏப்ரல் 1 அன்று, ஐரோப்பாவோடு சுங்க ஒன்றியம் வேண்டும் என்ற பிரேரணையை அவரே கொண்டுவந்தார். 273-க்கு 276. மூன்றே வாக்கில் தோற்றது.

எதிர்ப்புப் பட்டியலையும் பாருங்கள். அந்த 432 பேரில் பிரெக்சிட்டே வேண்டாம் என்றவர்களும் இருக்கிறார்கள், இந்த பிரெக்சிட் போதாது என்றவர்களும் இருக்கிறார்கள். கிழக்கும் மேற்கும் ஒரே லாபியில் தோளோடு தோள் உரசி நடந்திருக்கின்றன. "ஒப்பந்தத்தை எதிர்த்தவர்" என்ற ஒற்றை வரியை வைத்து யாரைப் பற்றியும் எதுவும் சொல்ல முடியாது. என்ன செய்ய வேண்டும்? அடுத்த படி.

படி 7: ஹன்சார்டைத் திறங்கள்

சபையில் பேசப்படுவதெல்லாம் ஹன்சார்டில் வருகிறது, இணையத்தில் இலவசமாக. வாக்கெடுப்பின் தேதியையும் எம்.பி.யின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். விவாதம் முதல் நாளே தொடங்கியிருக்கலாம், அதனால் முந்தைய நாளையும் பாருங்கள். கிளார்க் 2017-ல் பேசியது வாக்கெடுப்புக்கு முதல் நாள், ஜனவரி 31 அன்று. ஒரு எம்.பி. நாட்டு நலன் எது என்று தான் நம்புகிறாரோ அதன்படி வாக்களிக்க வேண்டும் என்பது அந்தப் பேச்சின் அச்சாணி. கூடவே ஒரு தகவல்: 2016 மக்கள் வாக்கெடுப்பில் ரஷ்கிளிஃப் தொகுதியில் ஒன்றியத்தில் நீடிப்போம் என்ற பக்கமே பெரும்பான்மை. உங்கள் எம்.பி.க்கும் இப்படித் தொகுதியின் மனநிலையைச் சேர்த்துப் பாருங்கள்.

பேசவில்லை என்றால் அவருடைய சொந்தத் தளத்தில் விளக்கம் போட்டிருக்கிறாரா என்று பாருங்கள். முக்கியமான வாக்குகளுக்குப் பலர் போடுகிறார்கள்.

படி 8: பெயர் இல்லாவிட்டால்

பெயர் இல்லை என்றதும் கோபப்படாதீர்கள். வரிசையாகச் சோதியுங்கள். டெல்லரா? சபாநாயகரா, துணைச் சபாநாயகரா? அவர்கள் வாக்களிப்பதில்லை. வாக்கு சமமாக வந்தால் மட்டும் சபாநாயகர் தன் வாக்கைப் போடுவார். 2019 ஏப்ரல் 3 அன்று 310-க்கு 310 என்று வந்து ஜான் பெர்கோ அப்படிப் போட வேண்டியிருந்தது. வட அயர்லாந்தின் ஷின் ஃபெய்ன் கட்சி எம்.பி.க்கள் சபையில் இருக்கையே ஏற்பதில்லை.

இன்னொன்று 'பேரிங்'. இரு கட்சியிலிருந்தும் ஆளுக்கு ஒருவர், "நீ வராவிட்டால் நானும் வாக்களிக்க மாட்டேன்" என்று ஒப்பந்தம் செய்துகொள்வது. இது பட்டியலில் பதிவாவதே இல்லை. 2018 ஜூலை 17 அன்று லிபரல் டெமாக்ரட் எம்.பி. ஜோ ஸ்வின்சன் கைக்குழந்தையோடு விடுப்பில் இருந்தார். அவரோடு பேரிங்கில் இருந்த கன்சர்வேட்டிவ் எம்.பி. பிரண்டன் லூயிஸ் வாக்களித்துவிட்டார், பெரும் சண்டை வந்தது. 2019 ஜனவரியில் பிள்ளை பெற்றவர்களுக்கு மாற்று வாக்கு முறை வந்தது. தன் சார்பில் வேறொரு உறுப்பினர் வாக்களிக்க, பெயர் பட்டியலில் வரும்.

இவற்றில் எதுவும் இல்லை என்றால், வேண்டுமென்றே விலகி நின்றிருக்கலாம். அதுவும் ஒரு பேச்சுதான். 2023 டிசம்பர் 12 அன்று அகதிக் கோரிக்கையாளர்களை ருவாண்டாவுக்கு அனுப்புவதற்கான மசோதா இரண்டாம் வாசிப்பில் 313-க்கு 269 என்று நிறைவேறியபோது கன்சர்வேட்டிவ்கள் ஒருவர்கூட எதிர்க்கவில்லை, ஆனால் பலர் வாக்களிக்காமல் இருந்தார்கள். அடுத்த மாதம், ஜனவரி 17 அன்று, மூன்றாம் வாசிப்பில் அக்கட்சியில் 11 பேர் எதிர்த்தே வாக்களித்தார்கள். அகதி வழக்கு உள்ள குடும்பங்கள் நம்மிடையே நிறைய. இந்த இரண்டு பட்டியலையும் நம்மவர்கள் பார்த்து வைத்திருக்க வேண்டும்.

படி 9: கட்சிப் பெயரைத் தேதியோடு படியுங்கள்

2019 செப்டம்பர் 3. ஒப்பந்தம் இல்லாமல் வெளியேறுவதைத் தடுக்கும் சட்டத்துக்கு நேரம் ஒதுக்க, அன்றைய நிகழ்ச்சி நிரலைச் சபையின் கையில் எடுக்கும் பிரேரணை 328-க்கு 301 என்று வென்றது. போரிஸ் ஜான்சனின் அரசு தோற்றது. அரசுக்கு எதிராக வாக்களித்த 21 கன்சர்வேட்டிவ்களைக் கட்சி தன் பாராளுமன்றக் குழுவிலிருந்து அன்றே நீக்கியது. அதில் கிளார்க்கும் ஒருவர். வயது 79. சபையிலேயே நீண்ட காலம் தொடர்ந்து இருந்தவர் என்ற முறையில் 'சபையின் தந்தை' என்ற மரியாதைப் பெயர் அவருக்கு இருந்தது. ஒரு காலத்தில் அதே கட்சியின் கொறடா. அந்த வருடத் தேர்தலில் அவர் நிற்கவில்லை. 2020-ல் பிரபுக்கள் சபைக்குப் போனார்.

அதனால் அவருடைய கடைசி மாதங்களின் வாக்குகளுக்குப் பக்கத்தில் 'சுயேச்சை' என்று இருக்கும். அதைப் பார்த்து "இவர் கட்சி மாறியவர்" என்று எழுதிவிடாதீர்கள்.

படி 10: சுருக்கத் தளங்களை எப்படிப் பயன்படுத்துவது

'தே வொர்க் ஃபார் யூ' என்ற இலவசத் தளம் உண்டு, மைசொசைட்டி என்ற தொண்டு நிறுவனம் நடத்துவது. எம்.பி. பெயரைப் போட்டால், எந்த விஷயத்தில் பெரும்பாலும் எப்படி வாக்களித்தார் என்று ஒரு வரியில் சொல்லும். கட்சியிலிருந்து எங்கே வேறுபட்டார் என்றும் காட்டும். நல்ல தளம், நான் தினமும் பார்க்கிறேன். உங்கள் எம்.பி. சபையில் பேசும்போதெல்லாம் மின்னஞ்சல் வரும்படியும் செய்யலாம், இன்றே செய்துவிடுங்கள். ஆனால் அந்த ஒரு வரியோடு நிறுத்தாதீர்கள். அதை அழுத்தி உள்ளே போனால் எந்தெந்த வாக்கெடுப்புகளைச் சேர்த்து அந்த வரி வந்தது என்று காட்டும். அங்கிருந்து படி 4-க்குத் திரும்புங்கள்.

எம்.பி.க்கள் கையெழுத்திட்டு ஆதரவு காட்டும் பிரேரணைகள், எழுத்துமூலக் கேள்விகள், குழு உறுப்பினர் பதவி எல்லாம் இதற்கு வெளியே இருக்கின்றன. ஈழம் பற்றி நம்மிடம் அக்கறையாகப் பேசும் எம்.பி., வெளியுறவு அமைச்சரிடம் எழுத்தில் கேள்வி கேட்டிருக்கிறாரா என்று ஐந்து நிமிடத்தில் பார்த்துவிடலாம். வாக்குப் பதிவில் இது வராது.

படி 11: எழுதிக் கேளுங்கள்

ஒரு கொப்பியில் ஐந்தே பத்தி போட்டுக்கொள்ளுங்கள்: தேதி, கேள்வி என்ன, அன்று அவர் வகித்த பதவி, உத்தரவு இருந்ததா, எப்படி வாக்களித்தார். கிளார்க்கின் பக்கம் என் கொப்பியில் இப்படி இருக்கிறது:

1971 அக்டோபர் 28. ஐரோப்பியச் சமூகத்தில் சேருவது. பின்வரிசை. சுதந்திர வாக்கு. ஆதரவு.
2003 மார்ச் 18. ஈராக் போர். பின்வரிசை. கட்சித் தலைமை போருக்கு ஆதரவு. போருக்கு எதிர்ப்பு.
2017 பிப்ரவரி 1. விலகல் மசோதா, இரண்டாம் வாசிப்பு. பின்வரிசை. உத்தரவு இருந்தது. எதிர்ப்பு, கட்சியில் தனி ஆள்.
2019 ஜனவரி 15. மே ஒப்பந்தம். பின்வரிசை. உத்தரவுப்படி. ஆதரவு.
2019 செப்டம்பர் 3. நிகழ்ச்சி நிரல். பின்வரிசை. உத்தரவை மீறி. அன்றே நீக்கம்.

உங்கள் எம்.பி.க்கு இப்படிப் பத்து வரி போதும். உங்கள் குடும்பத்தைத் தொடும் விஷயங்களாகத் தெரிவு செய்யுங்கள்: விசா, வாடகை, மருத்துவம், பல்கலைக்கழகக் கட்டணம், எதுவானாலும். அதில் குறைந்தது இரண்டு சுதந்திர வாக்குகள் இருக்கட்டும்.

எங்கள் தெருவில் ஒரு அக்கா இருக்கிறார், பராமரிப்பு இல்லத்தில் வேலை. இந்தக் கொப்பி முறையை அவருக்குக் காட்டிக் கொடுத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை எம்.பி. மக்களைச் சந்திக்கும் நேரத்துக்குத் தேதியும் வாக்கெடுப்பு எண்ணும் எழுதிய துண்டுத்தாளோடு போனார். "நீங்கள் எங்களுக்கு எதிரானவர்" என்று அவர் சொல்லவில்லை. "இந்தத் தேதியில், இந்தத் திருத்தத்தை ஏன் எதிர்த்தீர்கள்?" என்று மட்டும் கேட்டார். உதவியாளர் தாளை வாங்கி மடிக்கணினியில் அதே பக்கத்தைத் திறந்தார். எம்.பி. குனிந்து படித்துவிட்டு, எழுத்தில் பதில் தருவதாகச் சொன்னார். மூன்று வாரத்தில் கடிதம் வந்தது, ஒன்றரைப் பக்கம், காரணங்களோடு. அக்காவுக்கு அந்தக் காரணங்களில் இரண்டாவது ஏற்கவில்லை. அதற்குப் பதில் எழுதிக்கொண்டிருக்கிறார், நேற்று ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு எழுத்துக் கேட்டு எனக்கு ஃபோன் செய்தார்.